குழுவாக வேலை செய்வதை மெய்நிகர் உலகில் கற்றுத் தர முடியுமா?

பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: நிர்வாகம் தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட் வாங்கப் பணம் ஒதுக்கத் தயாராக இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களை கம்ப்யூட்டர் உருவாக்கும் மெய்நிகர் உலகத்துக்குள் இறக்கிவிட்டால் டீம் ஒர்க் தானாக வந்துவிடும் என்று விற்க வந்தவர் சொல்கிறார். அது உண்மையா, உண்மை என்றால் எதை வாங்குவது? இதற்கு நடுவே போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மினி பிராஜெக்ட்டில் நாலு பேரில் ஒருவன்தான் வேலை செய்கிறான், மற்ற மூன்று பேர் ரிப்போர்ட்டில் பெயர் போட்டுக்கொள்கிறார்கள்." உங்களை உறுத்துவது இந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. சேர்ந்து வேலை செய்வதை வகுப்பில் கற்றுத் தர முடியுமா, அதற்கு இந்த உலகங்கள் உண்மையிலேயே கைகொடுக்குமா என்பதையே நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பொறியியல் மாணவர்களுக்குக் குழுப் பயிற்சி நடத்துவது பல ஆண்டுகளாக என் வேலை. பெரும்பாலும் சாதாரண கம்ப்யூட்டர் லேபில், விளையாட்டாக வந்த மெய்நிகர் உலகங்களை வைத்துத்தான் நடத்துகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சுருக்கமாகச் சொன்னால், முடியும். ஆனால் அந்த உலகம் எதையும் கற்றுத் தருவதில்லை. யாராலும் தனியாக முடிக்க முடியாதபடி அமைத்த வேலையும், அது முடிந்த கையோடு உட்கார்ந்து பேசும் அரை மணி நேரமும்தான் கற்றுத் தருகின்றன. இவை இரண்டும் இருந்தால் உங்கள் லேபில் இப்போது இருக்கும் கம்ப்யூட்டரே போதும். இவை இல்லாவிட்டால் எவ்வளவு செலவு செய்தாலும் மாணவர்களுக்கு ஒரு மதியம் கலகலப்பாகப் போகும், அவ்வளவுதான்.

இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது விமானத் துறை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான நெதர்லாந்தின் கேஎல்எம் விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். கட்டுப்பாட்டு அறையின் அனுமதி கிடைக்காமலே புறப்படுவதற்காக விமானத்தை ஓடவிட்டார். எதிரே இருக்கும் விமானம் இன்னும் ஓடுதளத்தை விட்டு விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகம் கேட்டார். கேப்டன் உறுதியாகப் பதில் சொன்னதும் அவர் மேலே பேசவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் அருகே யுனைட்டட் நிறுவனத்தின் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்தது. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையிலேயே கேப்டன் மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைவது காக்பிட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தும், அவர் காதில் ஏறும்படி அது சொல்லப்படவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லோருமே திறமையானவர்கள். 1979இல் நாசா இதற்கென்று ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைட்டட் நிறுவனம் தன் விமானிகளுக்குக் குழுப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்ற பெயரில் உலகம் முழுக்க நடப்பது அதன் தொடர்ச்சிதான்.

அந்தப் பயிற்சி சிமுலேட்டரில் எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். முழுக் குழுவும் உட்கார்ந்து, புறப்படுவதிலிருந்து தரையிறங்குவது வரை ஒரு முழுப் பயணத்தை ஓட்டுகிறது. வழியில் பழுது வரும், வானிலை மாறும். பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருப்பார், குறுக்கிட மாட்டார். முடிந்த பிறகு பதிவைப் போட்டுப் பார்த்து, யார் எப்போது என்ன சொன்னார், யார் சொல்லாமல் விட்டார் என்று பேசுவார்கள். சிமுலேட்டர் இல்லாமல் இந்தப் பேச்சு நடக்காது என்பது உண்மை. ஆனால் விமானிகள் மாறியது பேசும் அறையில்தான். மருத்துவமனைகளும் பின்னால் இதை எடுத்துக்கொண்டன. 2006இல் அமெரிக்காவில் வெளியான டீம்ஸ்டெப்ஸ் என்ற பயிற்சித் திட்டம் இந்த வழியில் வந்தது.

உங்கள் மினி பிராஜெக்ட்டில் இதைச் செய்ய முடியாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பிராஜெக்ட் ஒரு செமஸ்டர் ஓடுகிறது. என்ன தப்பாகப் போனது என்று தெரியவரும்போது செமஸ்டரே முடிந்துவிடுகிறது. அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வழியில்லை. நடந்தவற்றுக்குப் பதிவும் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கெட்டிக்காரர் ஒருவர் நினைத்தால் முழு பிராஜெக்ட்டையும் தனியாக முடித்துவிடலாம். அவர் முடித்தும்விடுகிறார். மெய்நிகர் உலகத்தில் பத்து நிமிடத்தில் ஒரு குழு முழுமையாகத் தோற்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. உடனே மறுபடி ஆடலாம். எல்லாம் பதிவாகும். விதிகளும் நம் கையில் இருப்பதால் கெட்டிக்காரரின் கையையும் கட்டிப்போடலாம். இந்தக் காரணங்களுக்காகத்தான் நான் இவற்றைப் பயன்படுத்துகிறேன்.

முதல் வகுப்புக்கு நான் எடுப்பது கனடாவின் ஒட்டாவாவில் ஒரு சிறு குழு 2015இல் வெளியிட்ட 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' என்ற விளையாட்டு. திரைக்குள் ஒரு அறை, மேசைமேல் ஒரு வெடிகுண்டு, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். ஒருவர் மட்டும் திரையைப் பார்ப்பார். குண்டைச் செயலிழக்க வைக்கும் கையேடு மற்றவர்களிடம் அச்சிட்ட தாளாக இருக்கும். அவர்கள் திரையைப் பார்க்கக் கூடாது, இவர் தாளைப் பார்க்கக் கூடாது. வாய்ப்பேச்சு ஒன்றுதான் வழி. கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஹெட்செட் இல்லாமல் சாதாரணத் திரையிலேயே ஆடலாம். இதை உலகம் என்று சொல்வதைவிட ஓர் அறை என்று சொல்வதே பொருத்தம். தொடங்குவதற்கு அந்த அறை போதும்.

நான்கு கம்பிகள் உள்ள பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் அதற்கான முதல் விதி இப்படிப் போகிறது: சிவப்புக் கம்பி ஒன்றுக்கு மேல் இருந்து, குண்டின் சீரியல் எண்ணில் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாகவும் இருந்தால், கடைசிச் சிவப்புக் கம்பியை வெட்ட வேண்டும். சீரியல் எண் குண்டின் உடம்பில் வேறொரு பக்கம் இருக்கிறது. திரைக்காரருக்கு அது தேவைப்படும் என்றே தெரியாது. தாள் வைத்திருப்பவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. திரைக்காரர் "சிவப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். தாள்காரர் விதியை மனசுக்குள் படிப்பார். இரண்டு பேர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். யாரும் பேசமாட்டார்கள். "எதை வெட்டணும், சொல்லுங்கடா!" "இரு, சீரியல் நம்பர் என்ன?" "அது எங்க இருக்கு?" "எனக்கு எப்படித் தெரியும், நீதானே பாக்குற?" குண்டைத் திருப்பித் தேடி எண்ணைப் படிப்பதற்குள் நேரம் கரைந்துவிடும். அடுத்த பகுதியிலும் இதே கதைதான் நடக்கும். முதல் குண்டு பெரும்பாலும் வெடித்துவிடும்.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன் யாராவது ஒருவர், "ஆரம்பிச்ச உடனே சீரியல் நம்பரையும் பேட்டரி எத்தனைன்னும் சொல்லிடு, நான் எழுதி வச்சுக்கிறேன்" என்பார். நான் எதிர்பார்த்துக் காத்திருப்பது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அப்புறம் குறியீடுகளை வரிசையாக அழுத்த வேண்டிய ஒரு பகுதி வரும். கிரேக்க, ரஷ்ய எழுத்துகள் போன்றவை, எதற்கும் இவர்களிடம் பெயர் கிடையாது. வட்டத்துக்குக் கீழே கோடு இழுத்த ஒன்றைத் திரைக்காரர் "பலூன்" என்பார், தாள்காரர் அதை "வால் வச்ச ஓ" என்று நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே பெயருக்கு வருவதற்குள் ஒரு குண்டு போய்விடும். இன்னொரு பகுதியில், ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களை வேண்டுமென்றே கலந்து வைத்திருக்கிறார்கள். அங்கே எழுத்துக் கூட்டிச் சொல்வது, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது என்ற பழக்கத்தைக் குழு தானாகவே உருவாக்கிக்கொள்ளும். விமானியும் கட்டுப்பாட்டு அறையும் ஒவ்வொரு முறையும் செய்வது இதைத்தான். ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் சொன்னாலும் உள்ளே போகாத விஷயம் இது.

இந்த அமைப்புக்குப் பின்னால் உறுதியான ஆய்வுப் பின்னணி உண்டு. 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். குழுவில் எல்லோருக்கும் தெரிந்த தகவல் கொஞ்சம், ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுத்தால், குழு எல்லோருக்கும் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசுகிறது. ஒருவரிடம் மட்டும் இருக்கும் முக்கியமான தகவல் மேசைக்கே வருவதில்லை. பின்னால் பல ஆய்வுகள் இதை உறுதி செய்தன. அதற்கு முன்பே, 1971இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் வேறொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு அடிதடி நடந்துகொண்டிருந்த நேரம். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் முழுப் பாடத்தைப் படிக்க முடியாது என்று ஆக்கினார். எனவே நீங்கள் எந்த மென்பொருளை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் தகவலையோ திறனையோ ஆளுக்கு ஆள் பிரிக்க முடியுமா என்பதுதான். முடியாது என்றால் உங்கள் மினி பிராஜெக்ட் பிரச்சினை அப்படியே திரைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெரிய குழுவுக்கும் நீண்ட வேலைக்கும் நான் லுவான்டியைத்தான் எடுக்கிறேன். 2024 வரை மைன்டெஸ்ட் என்று இருந்த திறமூல மென்பொருள் இது. மைன்கிராஃப்ட் விளையாட்டைப் போலக் கட்டிகளை வைத்து எதையும் கட்டலாம். காசு கிடையாது. லேபில் ஒரு கம்ப்யூட்டரை சர்வராக வைத்தால் இணையம் இல்லாமலே எல்லோரும் உள்ளே வரலாம். லுவான்டியை நிறுவுவதோடு, அதற்குள் ஓடும் கேம் ஒன்றையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஆசிரியருக்கு இதில் கிடைக்கும் பெரிய வசதி, ஒவ்வொரு மாணவருக்கும் எந்த அனுமதி உண்டு, எது இல்லை என்று தனித்தனியாக வைக்கலாம். பறக்கும் அனுமதி, கட்டிகளைத் தொடும் அனுமதி, சாட்டில் எழுதும் அனுமதி எல்லாம் தனித்தனி. ஆற்றின் மேல் பாலம் கட்டும் வேலை கொடுப்பேன். ஒருவருக்குப் பறக்க முடியும், மேலிருந்து முழு இடத்தையும் பார்ப்பார். ஆனால் ஒரு கட்டியைக்கூட வைக்க முடியாது. இரண்டு பேர் கட்டலாம், ஆனால் தரையில் நின்று பார்க்கும்போது வளைவு எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பொருள்கள் வேறொருவரின் பூட்டிய பெட்டியில் இருக்கும். வரைபடம் ஐந்தாமவரிடம் தாளில் இருக்கும். எப்போதும் எல்லாவற்றையும் தானே செய்துவிடும் மாணவருக்கு அந்தப் பறக்கும் பொறுப்பைக் கொடுங்கள். கை கட்டப்பட்ட நிலையில், தன் மனதில் இருப்பதை இன்னொருவர் கையால் செய்ய வைக்க வேண்டும் என்பது அவருக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக இருக்கும். முதல் பத்து நிமிடம் தவிப்பார். பிறகு "இடது பக்கம் மூணு தள்ளி, அங்கிருந்து மேலே ரெண்டு" என்று பேசத் தொடங்குவார். அதுவரை பெயருக்கு மட்டும் குழுவில் இருந்தவர்களுக்கும் அன்றைக்குத்தான் உண்மையான வேலை கிடைக்கும்.

சரி, அடுத்து ஆட்டம் முடிந்தபின் நடக்கும் பேச்சு. பத்து நிமிட ஆட்டத்துக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். முதலில் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும்: எந்த இடத்தில் எனக்கு ஏதோ தெரிந்தும் சொல்லவில்லை, எந்த இடத்தில் எனக்குத் தேவைப்பட்டதைக் கேட்கவில்லை. எழுதாமல் நேராகப் பேச ஆரம்பித்தால், முதலில் வாயைத் திறப்பவரின் கதையே எல்லோருடைய கதையாகிவிடும். பிறகு பதிவிலிருந்து இரண்டு நிமிடம் மட்டும் போடுங்கள். முழுவதையும் போட்டால் தூங்கிவிடுவார்கள். "யார் செஞ்ச தப்பு" என்று பேச்சு திரும்பும்போது, "அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்திருந்தது" என்று கேளுங்கள். கடைசியில் அடுத்த ஆட்டத்தில் மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயத்தைக் குழு முடிவு செய்ய வேண்டும், முடிவு செய்தவுடன் திரும்ப ஆட வேண்டும். இந்த இரண்டாவது ஆட்டத்தை நேரமில்லை என்று வெட்டிவிடுகிறார்கள். என் பார்வையில் அதை வெட்டுவதைவிட முதல் ஆட்டத்தையே நடத்தாமல் இருக்கலாம். பேசிய பேச்சு செயலில் மாறியதை அவர்களே பார்க்கும் இடம் அது ஒன்றுதான்.

எது உறுதி, எது உறுதியில்லை என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். இப்படிக் கூடிப் பேசுவது பலன் தரும் என்பது உறுதி. 2013இல் டானன்பாம், செராசோலி இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒழுங்காக நடத்திய கலந்துரையாடல்கள் செயல்திறனைச் சராசரியாக 20 முதல் 25 விழுக்காடு உயர்த்தியிருந்தன. குழுவில் எல்லோரும் ஏறத்தாழச் சமமாகப் பேசும்போது குழு நன்றாகச் செயல்படுகிறது என்பதற்கும் சான்று உண்டு. 2010இல் அனிட்டா வூலியும் சக ஆய்வாளர்களும் சயின்ஸ் இதழில் வெளியிட்டது அதில் முக்கியமானது. பதிவிலிருந்து யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று கணக்கெடுத்துப் பலகையில் எழுதிப் பாருங்கள். அறிவுரை எதுவும் தேவைப்படாது. ஆனால் மெய்நிகர் உலகத்தில் பழகியது ஆறு மாதம் கழித்து வேலையிடத்திலோ பிராஜெக்ட்டிலோ வெளிப்படுமா என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதில் இல்லை. இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி, பயிற்சி முடிந்தவுடன் மாணவர்களிடமே "உங்கள் டீம் ஒர்க் முன்னேறியதா?" என்று கேட்டு வாங்கிய பதில்கள். சந்தோஷமாக விளையாடிவிட்டு வந்தவர் ஆமாம் என்றுதான் சொல்வார். திரையில் நமக்குப் பதிலாக உலவும் அவதார் உருவத்துக்குப் பின்னால் இருப்பதால் கூச்சம் போய்விடும் என்று சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. சாட்டில் எழுதும்போது சிலர் மலர்ந்துவிடுகிறார்கள், இதை நேரில் பார்த்திருக்கிறேன். குரலில் பேசச் சொன்னதும் அவர்களே பழையபடி அடங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தது பொறியியல் மாணவர்களைத்தான். செவிலியர் கல்லூரிக்கோ கலைக் கல்லூரிக்கோ இதை அப்படியே பொருத்தச் சொல்ல மாட்டேன்.

ஹெட்செட் விஷயத்தில் என் கருத்து தெளிவாக இருக்கிறது. இந்த வேலைக்கு இப்போது வாங்க வேண்டாம். 2019இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த மக்ரான்ஸ்கியும் மற்றவர்களும் ஒரே அறிவியல் ஆய்வகச் சிமுலேஷனைத் திரையிலும் ஹெட்செட்டிலும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஹெட்செட்டில் அங்கேயே இருப்பது போன்ற உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. அது தனிநபர் கற்றல் பற்றிய ஆய்வுதான், குழுவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனாலும் மூழ்கடித்தால் தானாகக் கற்பார்கள் என்ற விற்பனைப் பேச்சை நம்புவதற்கு முன் யோசிக்க அது போதுமான காரணம். நடைமுறைச் சிரமங்களும் இருக்கின்றன. சிலருக்குச் சில நிமிடங்களிலேயே தலை சுற்றிக் குமட்டும். கண்ணாடி போட்டவர்களுக்கு அழுத்தும். கொண்டையோ பின்னலோ போட்டவர்களுக்குப் பட்டை சரியாக உட்காராது. ஒருவர் கழற்றியதைத் துடைக்காமல் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. இதையெல்லாம்விட, ஹெட்செட்டுக்குள் இருப்பவரால் எளிதாகத் தாளைப் பார்க்கவோ குறிப்பெடுக்கவோ முடியாது. குழு வேலையில் பாதி குறிப்பெடுப்பதுதான். அபாயகரமான இயந்திரத்தில் உடம்பைப் பழக்குவது, ஒரு இடத்தின் அளவை உணர வைப்பது போன்றவற்றுக்கு ஹெட்செட் நல்ல கருவி. அதற்காக உங்கள் மெக்கானிக்கல் துறை கேட்டால் அது வேறு கணக்கு.

தளத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 2003இல் செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகம் வந்து, சில ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் வரிசையாக அதற்குள் தீவுகள் வாங்கின. 2006இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் ஒரு பாடத்தின் ஒரு பகுதியே அதற்குள் நடந்தது. நிறையப் பேர் தங்கள் வளாகத்தையே அச்சு அசலாகக் கட்டி, அதே விரிவுரை அரங்கில் அவதார்களை உட்கார வைத்து ஸ்லைடு போட்டார்கள். 2010இல் கல்வி நிறுவனங்களுக்கான பாதி விலைச் சலுகையை நிறுத்தப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்ததும் பலர் கிளம்பிவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துச் சலுகை திரும்பியது, போனவர்களில் பலர் திரும்பவில்லை. பிறகு வந்தவற்றில் ஆல்ட்ஸ்பேஸ் விஆர் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மோசில்லா ஹப்ஸ் சேவையை மோசில்லா 2024 மே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. எனவே உங்கள் உழைப்பை உலகத்தைக் கட்டுவதில் போடாதீர்கள். யாரிடம் எந்தத் தகவல், எவ்வளவு நேரம், என்ன கேள்விகள் என்ற பயிற்சிக் குறிப்பைத் தாளில் எழுதி வையுங்கள். தளம் போனாலும் அது உங்களிடம் இருக்கும்.

நம் வகுப்புகளுக்கே உரிய ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழுக்களைத் தமிழிலேயே பேச விடுங்கள். "கம்யூனிகேஷன் ஸ்கில்லும் சேர்ந்து வளரட்டும், இங்கிலீஷில் பேசச் சொல்லுங்கள்" என்று பல கல்லூரிகளில் கேட்கிறார்கள். கடிகாரம் ஓடும்போது ஆங்கிலத்தில் பேசு என்றால், தமிழ் வழியில் படித்து வந்த மாணவரிடம் இருக்கும் தகவல் அவரிடமே நின்றுவிடும். கான்வென்ட்டில் படித்த இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள். அன்றைக்கு அந்தக் குழு கற்றுக்கொள்வது, யார் பேசலாம் யார் பேசக் கூடாது என்பதைத்தான். இது பயிற்சி நடத்தாமல் இருப்பதைவிட மோசம். குழுக்களையும் நீங்களே பிரித்துவிடுங்கள். அவர்களாகச் சேர்ந்தால் விடுதி நண்பர்கள் ஒரு குழு, ஒரே பஸ்ஸில் வருபவர்கள் ஒரு குழு, பெண்கள் தனிக் குழு என்று போய்விடும். ஏற்கெனவே பழகியவர்களிடம் அரைவார்த்தையில் பேசிப் பழகியதையே திரும்பச் செய்வார்கள். நீங்கள் அறையில் இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. "சார், இது சரியா?" என்று உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் வாரம் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்வதுதான் ஆசிரியருக்கு இதில் கடினமான வேலை.

மதிப்பெண் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். குழுவில் உறுப்பினராகவும் தலைவராகவும் செயல்படுவது, பொறியியல் படிப்புகளுக்குத் தரச் சான்று தரும் என்பிஏ எதிர்பார்க்கும் பட்டதாரிப் பண்புகளில் ஒன்று என்பதால், ஏதாவது ஓர் எண்ணைக் காட்ட வேண்டிய நிலை உங்களுக்கு இருக்கும். ஆட்டத்தில் ஜெயித்ததற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் விளையாட்டில் கைதேர்ந்தவர் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொள்வார், தோற்பதற்கு இருந்த சுதந்திரமும் போய்விடும். சக மாணவர்களை ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடச் சொன்னால் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து வரும். பர்டியூ பல்கலைக்கழகம் நடத்தும் கேட்மி போன்ற கருவிகள், நல்ல உறுப்பினர் எப்படி நடந்துகொள்வார் என்பதை நடத்தைகளாக விவரித்து, அதிலிருந்து தேர்வு செய்யச் சொல்கின்றன. வெறும் எண்ணைவிட அது எவ்வளவோ மேல். நான் இன்னும் எளிமையாகச் செய்கிறேன். "உன் குழுவில் ஒருவர் செய்த எந்தச் செயல் உன் வேலையைச் சுலபமாக்கியது? பெயர், நேரம், நடந்தது மூன்றையும் எழுது" என்று கேட்டு, எழுதியது எவ்வளவு குறிப்பாக இருக்கிறது என்பதற்கு மட்டும் மதிப்பெண் போடுகிறேன். லுவான்டியில் யார் எந்தக் கட்டியை வைத்தார், எடுத்தார் என்று பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அதை முன்பே இயக்கி வைத்தால், எழுதியது நடந்ததோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். கட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து உழைப்பை அளந்துவிடாதீர்கள். பறந்துகொண்டு வழிகாட்டியவர் ஒரு கட்டியும் வைத்திருக்க மாட்டார்.

கடைசியாக, உங்களை உறுத்தும் மினி பிராஜெக்ட்டுக்கு வருகிறேன். இந்தப் பயிற்சியைத் தனி நிகழ்ச்சியாக நடத்திவிட்டு, பிராஜெக்ட்டைப் பழையபடி விட்டால் பழையதே நடக்கும். செமஸ்டரின் முதல் மூன்று வாரங்களில், வாரம் ஒரு லேப் வேளையில் பயிற்சியை வையுங்கள். அதே குழு பிராஜெக்ட்டிலும் தொடரட்டும். பிராஜெக்ட்டையும் துண்டாக்குங்கள். சென்சார் பகுதி ஒருவருக்கு, கோடிங் ஒருவருக்கு, டெஸ்டிங் ஒருவருக்கு என்று பிரித்துவிட்டு, ரிவ்யூவில் ஒருவருடைய பகுதியை இன்னொருவர் விளக்க வேண்டும் என்று வையுங்கள். யார் எதை விளக்குவார் என்பதை அன்றைக்குக் காலையில்தான் சொல்லுங்கள். பெயர் மட்டும் போட்டுக்கொண்டவர் அடுத்தவரிடம் போய்க் கேட்டாக வேண்டும், தனியாக எல்லாவற்றையும் முடித்தவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு ரிவ்யூ முடிந்ததும் அதே எழுத்துத் தாள், அதே இருபது நிமிடப் பேச்சு. நிர்வாகம் ஒதுக்கிய பணத்தை என்ன செய்வது என்றால், லேபுக்கு நல்ல மைக் வைத்த ஹெட்ஃபோன்கள் வாங்குங்கள். ஒரே அறையில் ஆறு குழுக்கள் கத்தினால் எந்தப் பதிவும் தேறாது. பக்கத்து வகுப்பறைகள் இரண்டை அந்த வேளைக்குக் கேட்டு வாங்கி, குழுக்களைப் பிரித்து உட்கார வையுங்கள். லேப் நிர்வாகியிடம் முந்தின வாரமே சொல்லி, லுவான்டி சர்வருக்கான 30000ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அதை மறந்தால் முதல் வகுப்பு முழுக்க அதிலேயே போய்விடும்.